பிறர் நிலம்: ஒரு மனைப்பிரிவு வரைபடத்தை வாசித்தல்

1

ஒரு வரைபடத்துக்கு விமர்சனம் எழுதப் போகிறேன். கவிதை, சிறுகதை, நாவல், சினிமா இவற்றுக்குத்தான் விமர்சனம் என்று பழகிப்போன வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதப்பட்டது எதுவானாலும் அது ஒரு பிரதிதான். யாரோ எழுதுகிறார்கள், யாருக்காகவோ எழுதுகிறார்கள், சிலவற்றைச் சொல்லிச் சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். மோசமான கவிதையால் யாருக்கும் வீடு போனதில்லை. வரைபடத்தால் போயிருக்கிறது. அதனால் கவிதைக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியையாவது இதற்குக் காட்டலாம்.

இடம் டோல்கேட். சென்னை மாநகராட்சிக்கும் பழைய திருவொற்றியூர் நகராட்சிக்கும் எல்லையாக இருந்த இடம். 2011இல் திருவொற்றியூரும் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. எல்லை போச்சு, பேர் மட்டும் நின்றது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்தபோது ஸ்டேஷனுக்கும் அதே பேரை வைத்தார்கள். கிழக்கே எண்ணூர் விரைவுச் சாலை, அதில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கிற கண்டெய்னர் லாரிகள், அதற்கப்பால் பாறாங்கல் கொட்டிய கடற்கரை. மேற்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலை. இரண்டுக்கும் நடுவில் எங்கள் தெரு. தெருவுக்குப் பின்னால் பல வருஷமாகப் பூட்டிக்கிடக்கிற ஒரு கம்பெனி இடம். மெட்ரோ வந்த பிறகு அந்த இடத்துக்கு விலை வந்தது. ஒருவர் வாங்கினார். மனைகளாகப் பிரித்து விற்க ஒப்புதல் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். அவர் பேர் இங்கே வேண்டாம். பேர் சொன்னால் இது அந்த ஒருவரின் கதையாகிவிடும்.

அளக்க வந்த சர்வேயர் தம்பி நல்ல பையன். தண்ணி கேட்டு எதிர்வீட்டு ஆயா வீட்டில் உட்கார்ந்தான். செல்போனில் வரைபடத்தைக் காட்டினான். சாலைகள், மனை எண்கள், பூங்கா என்று பச்சைக் கட்டம், எல்லாம் அழகாக இருந்தது. ஆயா கேட்டது: "எல்லாம் சரி தம்பி, நம்ம தெரு எங்க கீது?" அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கி வடக்கு ஓரத்தைக் காட்டினான். அங்கே கோட்டுக்கு வெளியே ஆங்கிலத்தில் இரண்டே சொல். என்னா எழுதியிருக்கு என்று ஆயா கேட்க, அவன் தமிழில் சொன்னான்: "பிறர் நிலம் ஆயா. பத்திரத்துல அப்படித்தான் எழுதுவாங்க." ஆயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னது: "அறுவது வருசமா இங்க கீறேன். எனக்கு இப்படி ஒரு பேரு கீதுன்னு இன்னிக்குத்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தோம். அப்புறம்தான் நான் அந்தக் கம்பெனிச் சுவரோரச் சந்தைத் தேடினேன். மூன்றடி அகலம். சுவர் இடிந்த இடத்தில் புகுந்து விரைவுச் சாலைக்குப் போய்விடலாம். பஸ் பிடிக்க, மீன் வாங்க, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக அதுதான் வழி. தெருமுனை குறுகல் என்பதால் பாடை எடுத்தாலும் அந்தப் பக்கம்தான். வரைபடத்தில் சந்து இல்லை. அந்த இடத்தில் நான்கு மனைகள் வரிசையாக எண் போட்டு நிற்கின்றன.

2

'பிறர் நிலம்' என்ற இந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம். எந்தக் கிரயப் பத்திரத்தை எடுத்தாலும் செக்குபந்தி இருக்கும். வடக்கில் இன்னாருடைய மனை, தெற்கில் பொதுச்சாலை, கிழக்கில் இன்ன சர்வே எண், மேற்கில் பிறர் நிலம். ஒரு நிலம் தன்னைச் சுற்றியிருப்பதைச் சொல்லித்தான் தன்னை நிலைநாட்டிக்கொள்ள முடியும். அதாவது 'பிறர்' இல்லாமல் 'நான்' இல்லை. தத்துவத்தில் 'மற்றமை' என்று நாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் பத்திரம் எழுதுகிறவர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

செக்குபந்தி புதிய விஷயமில்லை. பிரம்மதேயச் செப்பேடுகளும் நான்கெல்லை சொல்லித்தான் நிலத்தைத் தானம் கொடுத்தன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, வரி கட்ட வேண்டாத நிலத்தை அதிலிருந்து கழிக்கிறார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று பட்டியல் போகிறது. சில ஊர்களில் 'தீண்டாச்சேரி' என்றே இருக்கிறது. சோழர் பொற்காலத்தில் சாதி இறுக்கம் இல்லை என்று இன்றைக்கும் மேடையில் முழங்குகிறவர்களுக்கு இந்தக் கழிவுப் பட்டியலே போதும். நாம் இங்கு கவனிக்க வேண்டியது வேறொன்று. சேரியை ஒதுக்கிய ராஜராஜனின் அதிகாரி அதன் பேரை எழுதித்தான் ஒதுக்கினார். 18ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் போட்ட மெட்ராஸ் வரைபடங்களிலும் கறுப்பர் நகரத்தையொட்டிப் 'பறச்சேரி' என்று எழுதியிருக்கிறது.

எங்கள் பகுதியே அப்படி உருவானதுதான். டோல்கேட்டுக்கு அடுத்த காலாடிப்பேட்டை, கவர்னர் ஜோசப் காலெட் 1710களின் கடைசியில் நெசவாளர்களைக் குடியமர்த்திய குடியிருப்பு. காலெட்பேட்டைதான் காலாடிப்பேட்டை ஆனது. இன்றைய பாஷையில் சொன்னால் கம்பெனி போட்ட ஒரு லேஅவுட். வண்ணாரப்பேட்டை, சின்னத்தறிப்பேட்டை எல்லாம் தொழிலையும் சாதியையும் பார்த்துப் பிரித்த மனைப்பிரிவுகள்தாம். யாருக்கு எந்த இடம் என்பது பேரிலேயே இருந்தது. இன்றைய வரைபடம் நாகரிகமானது. அதில் சாதிப் பேர் இல்லை. எங்கள் பேரும் இல்லை. பேர் சொல்லி ஒதுக்கியவனோடு அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம். 'பிறர்' என்று எழுதியவனோடு எதைப் பிடித்துச் சண்டை போடுவது?

3

இனி அந்த வரைபடம் போகிற வழியைப் பார்ப்போம். சென்னையில் நிலத்தைப் பிரித்து விற்க, 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி வேண்டும். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, நில அளவைப் படம், வந்துசேரும் சாலையின் அகலம், பக்கத்தில் நீர்நிலை உண்டா என்பதெல்லாம் கேட்கிறார்கள். கேட்கவேண்டியவைதான். ஆனால் இந்தக் கேள்விகளெல்லாம் நிலம் யாருடையது என்ற ஒரே கேள்வியின் பிள்ளைகள். இந்த நிலத்தில் யார் உழைத்தார்கள், யார் இதன் வழியாக நடக்கிறார்கள், சுவர் எழுப்பினால் யாருடைய வாசல் அடைபடும் என்று கேட்கிற கட்டம் விண்ணப்பத்தில் இல்லை.

தொழிற்சாலைப் பகுதியைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டால் பத்திரிகையில் அறிவிப்பு கொடுப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுதலாம். ஜனநாயகம்தான்! ஆனால் அறிவிப்பு எந்த மொழியில் இருக்கிறது? டி.எஸ். எண் இன்னது, பிளாக் எண் இன்னது, கிராமம் இன்னது. தமிழ்தான், படிக்கலாம். ஆனால் தன் வீடு எந்த டி.எஸ். எண்ணில் இருக்கிறது என்று எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? தண்ணித்தொட்டி பக்கத்துச் சந்து என்றால் தெரியும், மாதாகோயில் பின்பக்கம் என்றால் தெரியும். ஆயா அந்தப் பேப்பரில் இட்லி மடித்துக் கொடுத்திருந்தாலும் அதில் தன் தெரு இருப்பது ஆயாவுக்குத் தெரிந்திருக்காது.

ஏழைகளை விதிகள் மறந்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகளைப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 சதவீதம் பூங்காவுக்கு விடவேண்டும். சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் 'தானப் பத்திரம்' எழுதிக் கொடுக்கவேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தி வாங்குவதற்குத் தானம் என்று பேர்! பிரம்மதேயத்தின் வாசனை இன்னும் போகவில்லை. இன்னொரு 10 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான மனைகள். அடுக்குமாடித் தொகுப்பாகக் கட்டினால் குறைந்த வருமானப் பிரிவினருக்கு 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகள் கட்டித்தர வேண்டும். எங்கே? அதே வளாகத்தில் கட்டலாம், அல்லது அங்கிருந்து 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறிடத்தில் கட்டலாம்.

இந்த 'அல்லது' என்ற சொல்லில்தான் சாதி குடியிருக்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று மனுவுக்குக்கூடக் கிலோமீட்டர் கணக்கில் சொல்லத் தெரியவில்லை. இந்த விதியை எழுதிய அதிகாரிக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. கட்டுமானக்காரருக்கு வசதி செய்து கொடுத்தார், அவ்வளவுதான். கெட்ட எண்ணமே இல்லாமல் இப்படி எழுத முடிகிறதே, அதைத்தான் சாதிச் சமூகம் என்கிறோம். விதிகள் 2019இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே தொகுப்பாக மாற்றி எழுதப்பட்டன. அந்தப் புதிய தொகுப்பையும் இதே கண்ணோடு யாராவது உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

கட்டுமானக்காரருக்காவது 2 கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு சொன்னார்கள். அரசாங்கம் தனக்கு அந்த வரம்பையும் வைத்துக்கொள்ளவில்லை. 2000த்திலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். தீவுத்திடல் பக்கத்தில் இருந்த சத்தியவாணிமுத்து நகர் ஜனங்களை 2019 கடைசியில் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். இருபது கிலோமீட்டருக்கும் மேல். 1970இல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கியதை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாற்றினார்கள். பேர் மாறினதால் ஒரு பஸ்ஸும் கூட வரவில்லை.

4

பெரிய உதாரணம் ஒன்று வேண்டுமென்றால் பெரம்பூருக்குப் போவோம். பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் இரண்டும் சேர்ந்த பி அண்ட் சி மில், நம்ம ஜனங்க வாயில் பின்னி மில். 1870களின் கடைசியிலிருந்து ஓடியது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் தொடங்கியது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் பேர்களெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன.

அதே மில்லில் 1921 வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் அவர்கள் குடிசைகள் எரிந்தன. மாதக்கணக்கில் மோதல், துப்பாக்கிச்சூடு, சாவு. ஆதிதிராவிடர்களுக்கு வியாசர்பாடிப் பக்கம் முகாம் போட்டார்கள். எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். தொழிற்சங்க வரலாறு எழுதியவர்கள் இதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்: கருங்காலி. சாதி இந்துத் தொழிலாளிக்குக் குடும்பம், கொஞ்சம் நிலம், ஊரில் உறவு இருக்கும். ஒரு மாதம் கூலியில்லாமல் தாங்குவான். சேரிக்காரனுக்கு மில்லை விட்டால் என்ன இருந்தது என்ற கேள்வி வர்க்கப் பகுப்பாய்வில் வரவேயில்லை.

1996இல் மில் மூடியது. பிறகு பல வருஷம் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். கடத்தல்காரன் கூடாரம், வில்லன் குடோன், கிளைமாக்ஸ் சண்டை எல்லாம் அந்த இடிந்த சுவர்களுக்குள் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் சினிமா பார்த்த அத்தனை பேரும் பின்னி மில்லைப் பார்த்திருக்கிறார்கள். அது பின்னி மில் என்று தெரிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? உழைத்த இடம் முதலில் ரவுடிகளின் இடமாகத் திரையில் மாறியது. வடசென்னைக்காரன் என்றாலே ரவுடி என்கிற கதையாடலுக்கு எங்கள் மில்லே செட் ஆகிவிட்டது.

அப்புறம் அடுக்குமாடிகள் வந்தன. ஸ்டீபன்சன் சாலைப் பக்கம் 'நார்த் டவுன்', அந்தப் பக்கம் 'எஸ்பிஆர் சிட்டி'. இந்தப் பேர்களையும் வாசிக்க வேண்டும். வடசென்னை என்று தமிழில் சொன்னால் விலை இறங்குகிறது. 'நார்த்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் ஏறுகிறது. இரண்டும் ஒரே திசைதான்! எல்லா ஒப்புதலும் ஒழுங்காக வாங்கியே கட்டியிருக்கட்டும். என் கேள்வி அதைப் பற்றியது இல்லை. வேலைநிறுத்தம் செய்தவனும் இல்லை, வேலைக்குப் போனவனும் இல்லை, குடிசை எரிந்தவனும் இல்லை, எரித்தவனும் இல்லை. 120 வருஷத்து உழைப்பும் சண்டையும் ஒரு செக்குபந்திக்குள் காணாமல் போய்விட்டது. அந்த மண்ணில் 1921இல் நடந்ததைச் சொல்லாமல் சாதியற்ற, வரலாறற்ற ஒரு காலி மனையாக அதை விற்க முடிந்திருக்கிறது. காலி மனை என்று ஒன்று இந்த நாட்டில் எங்கும் கிடையாது என்பது என் கட்சி.

5

இப்படிச் சொன்னால் நண்பர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். முதல் பதில்: "எல்லாம் லஞ்சம் தோழர், காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள், அதை எழுதுங்கள்." உண்மைதான், எழுத வேண்டும். பெருங்களத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஒப்புதலுக்கு லஞ்சம் வாங்கியதாக முன்னாள் அமைச்சர் ஒருவர்மீது 2024 செப்டம்பரில் வழக்குப் பதிவானது. குற்றச்சாட்டு உண்மையா என்று நீதிமன்றம் சொல்லட்டும். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடி இடிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்த கூலிகள். எண்ணூரில் இன்னும் விநோதம். 1996 கடலோர வரைபடத்தில் இருந்த சுமார் 6,500 ஏக்கர் கழிமுகம் அடுத்து வந்த வரைபடத்தில் இல்லை என்பது 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்தது. ஆற்றையே அழிக்கிற ரப்பர் இருக்கிறது என்றால் மூன்றடிச் சந்து எம்மாத்திரம்!

ஆனால் லஞ்சத்தை மட்டும் பேசினால் ஒரு ஆபத்து இருக்கிறது. லஞ்சம் இல்லாவிட்டால் எல்லாம் சரி என்று ஆகிவிடும். எங்கள் தெருவுக்குப் பின்னால் வரப்போகிற மனைப்பிரிவு யோக்கியமாகவே ஒப்புதல் வாங்கலாம். ஒரு ரூபாய் கைமாறாமல், ஒரு விதியும் மீறாமல். அப்போதும் சந்து போகும். எனக்குப் பயம் சட்டத்தை மீறுகிற வரைபடத்தைப் பார்த்து மட்டும் இல்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிகிற வரைபடத்தைப் பார்த்தும்தான்.

சட்டத்தின் சொற்களே இரண்டு சாதியாக இருக்கின்றன. அனுமதி இல்லாமல் பிரித்து விற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. உடனே 2017இல் விதி வந்தது: 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி 'வரன்முறை' செய்துகொள்ளலாம். நல்லது, லட்சக்கணக்கான சாதாரண ஜனங்களின் காசு அதில் இருந்தது. ஆனால் அதே அனுமதியின்மை கூவம் கரையில், ரயில் தண்டவாளத்தோரம் இருந்தால் அதற்குப் பேர் 'ஆக்கிரமிப்பு'. அவர்களுக்கு மார்க்கர் நம்பர், லாரி, பெரும்பாக்கம். ஒருத்தனுடைய தவறுக்கு வரன்முறை, இன்னொருத்தனுடைய இருப்புக்கே ஆக்கிரமிப்பு. 'புறம்போக்கு' என்ற வருவாய்த்துறைச் சொல் எப்படி வசவாயிற்று என்று யோசியுங்கள். எண்ணூரை வைத்து 2017இல் டி.எம். கிருஷ்ணா புறம்போக்குப் பாடல் பாடினார். அந்தச் சொல்லுக்குப் பொதுநிலம் என்ற கௌரவத்தை மீட்டுக் கொடுத்தது நல்ல காரியம். வசவு வாங்கியவர்களுக்குப் பட்டா மீட்டுக் கொடுப்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

இரண்டாவது பதில் எங்கள் தெருவிலிருந்தே வருகிறது. "வளர்ச்சி வரட்டும் சார், நாமளும் ஒரு மனை வாங்கலாம்ல?" இரண்டு மூன்று பேர் விலை விசாரித்திருக்கிறார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. கிராமத்தைக் கொண்டாடியவர்களுக்கு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் பதில் சொன்னார். கிராமம் என்பது குறுகிய புத்தியின், அறியாமையின் குகை என்கிற தொனியில் பேசினார். நகரத்துக்கு ஓடிவந்த தலித்துக்குத் தன் பேரில் கதவு எண், தபால் வருகிற முகவரி, தண்ணீர் இணைப்பு எல்லாம் விடுதலைதான். ஒரு தலித் குடும்பம் மனை வாங்கக் கூடாது என்று எந்தப் புரட்சிக்காரனும் சொல்லக் கூடாது. என் வருத்தம் வேறு. நகரத்தை நம்பி வந்தவனிடம் நகரம் மறுபடியும் கிராமத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சுற்றுச்சுவர், ஒரே கேட்டு, கேட்டில் நோட்டுப்புத்தகம், "யார் வீட்டுக்குப் போற?" என்ற கேள்வி. 'சைவம் மட்டும்' என்று வாடகை விளம்பரம். இதற்குப் பேர் 'கேட்டட் கம்யூனிட்டி' என்கிறார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த பேர் அக்ரகாரம்.

6

நம்முடைய கலைகள் இதை எப்படி எதிர்கொண்டன? 2018இல் இரண்டு படங்கள் வந்தன. பா. ரஞ்சித்தின் 'காலா', வெற்றிமாறனின் 'வடசென்னை'. நிலம்தான் கேள்வி என்று தமிழ் சினிமாவில் இவ்வளவு சத்தமாகச் சொன்ன படங்கள் குறைவு. தாராவியை அப்புறப்படுத்த வருகிறவனின் வாயில் 'தூய்மை' என்ற சொல்லை வைத்தது ரஞ்சித்தின் கூர்மை. தூய்மை, தீட்டு என்கிற நம் பழைய கணக்கைக் கட்டுமானக் கம்பெனியின் விளம்பரப் பலகையில் அவர் கண்டுபிடித்துவிட்டார். 'வடசென்னை'யில் சாலைத் திட்டத்தை ராஜன் எதிர்க்கிறான், கூட இருந்தவர்களே அவனைக் கொல்கிறார்கள். எங்கள் கரையோரத்தில் சாலை அகலமானபோது வீடு போனவர்களுக்கு அது கதையாகத் தெரியாது.

இருந்தாலும் ஒரு குறை சொல்ல வேண்டும். இரண்டு படத்திலும் நிலத்தை எடுக்க வருகிறவனுக்கு முகம் இருக்கிறது. வெள்ளை உடுப்பு இருக்கிறது, அடியாள் இருக்கிறான். முகம் இருப்பதால் கடைசியில் அவனை வீழ்த்த முடிகிறது, நாம் விசிலடித்துவிட்டு வெளியே வருகிறோம். நிஜத் தாராவியில் என்ன நடந்தது? 2022 நவம்பரில் டெண்டர் திறந்தார்கள். அதானி குழுமம் 5,069 கோடிக்குக் கேட்டது, 2023 ஜூலையில் அரசு அதை உறுதி செய்தது. பிறகு கணக்கெடுப்பு வந்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து இருந்தவர்களுக்குத் தாராவிக்குள் வீடு, பின்னால் வந்தவர்களுக்கு வெளியே. அங்கே அரிவாளோடு யாரும் வரவில்லை. படிவத்தோடு வந்தார்கள். 'தகுதி' என்ற ஒரு சொல்தான் அடியாள்.

நம் கதைகளிலும் கவிதைகளிலும் இழந்த நிலத்துக்கான அழுகை இருக்கிறது, கோபம் இருக்கிறது. படிவம் இல்லை. பட்டா இல்லை, சர்வே எண் இல்லை, ஒப்புதல் எண் இல்லை. தாளில் எழுதப்பட்டதையெல்லாம் மேல்சாதிக்காரன் சமாச்சாரம், கணக்கப்பிள்ளை சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். நமக்கு வாய்மொழி, அவனுக்கு ஆவணம் என்று ஒரு பாகப்பிரிவினை. இந்தப் பாகப்பிரிவினையில் நமக்கு நஷ்டம் என்பதற்கு நம் இயக்க வரலாறே சாட்சி. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய நிலம் வெளியார் கைக்குப் போகக்கூடாது என்று நிபந்தனை. நூறு வருஷம் அது தூசியில் கிடந்தது. அந்தத் தாளை எடுத்து வாசித்து, ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பிறகுதான் பஞ்சமி நில மீட்பு என்ற சொல்லே எழுந்தது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி அந்தப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். காரணை என்ற ஊர்ப் பேர் நமக்கு அப்படித்தான் பழக்கமானது. அந்த இரண்டு பேரின் ரத்தத்துக்குப் பின்னால் ஒரு வாசிப்பு இருந்தது. ஒரு அரசாணையை நம் ஜனங்கள் தங்களுக்கு எழுதப்பட்டதாக வாசித்தார்கள். இலக்கிய விமர்சனத்தால் இதைவிடப் பெரிய காரியம் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

7

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர், காலேஜில் படிக்கிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து அளந்தார்கள். சந்தின் நீளம், அகலம், எந்தெந்த வீட்டு வாசல் அதில் திறக்கிறது, தெருக்குழாய் எங்கே, வேப்பமரம் எங்கே, பாடை திரும்புகிற மூலை எங்கே. எல்லாவற்றையும் ஒரு சார்ட் அட்டையில் வரைந்தார்கள். டி.எஸ். எண்ணை அலுவலகத்தில் கேட்டு வாங்கி ஒவ்வொரு வீட்டின்மேலும் எழுதினார்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு போட்டார்கள். ஒரு பையன் குறும்பாகக் கம்பெனி இடத்தின்மேல் 'பிறர் நிலம்' என்று எழுதிவிட்டான். அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதோடு ஒரு ஆட்சேப மனு. 68 கையெழுத்து, 11 கைநாட்டு. சந்து பல வருஷமாகப் பொதுவழியாக இருப்பதால் அதை வழியாகவே வரைபடத்தில் காட்டிய பிறகுதான் ஒப்புதல் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கொடுத்ததற்குச் சீல் போட்ட நகல் கையில் இருக்கிறது. பதில் வரவில்லை. சர்வேயர் தம்பி மட்டும் ஒருநாள் போன் பண்ணினான். "அந்த மேப்பை எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்க சார்" என்றான். அனுப்பினோம்.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்கு, சேரிக்கு, குப்பத்துக்குப் பக்கத்தில் மனைப்பிரிவோ அடுக்குமாடியோ வருகிறதென்றால் அதன் வரைபடத்தைத் தேடி வாங்குங்கள். பத்திரிகை அறிவிப்பில் இருக்கிற சர்வே எண்ணை உங்கள் வீட்டு ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வடக்கில் யார், தெற்கில் யார் என்று போட்டிருக்கிறார்கள் என்று வாசியுங்கள். 10 சதவீதம் எங்கே போனது என்று கேளுங்கள். பக்கத்தில் உங்கள் வரைபடத்தையும் வரையுங்கள். கவிதை அனுப்புகிற மாதிரி அதையும் இந்த இதழுக்கு அனுப்புங்கள், அச்சில் வரட்டும்.

மனுவில் ஆயா கைநாட்டு வைத்தபோது கேட்டது: "இதுல நம்ம பேரு இன்னான்னு எழுதிக்கீற?" தெருப் பேரையும் கதவு எண்ணையும் ஆயாவின் முழுப் பேரையும் படித்துக் காட்டினேன். "அப்பா பேரை உட்டுட்டியே" என்றது. சேர்த்து எழுதினேன்.